நம் வீட்டுக் கோப்பு, நமக்கே அனுமதி இல்லையா?



இத்திங்கள் கணிப்பொறிப் பக்கத்திற்கு வந்த மடல்களுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். ஒரு வீட்டின் கேள்வியாக அது வந்திருந்தாலும், இரண்டு கணிப்பொறிகள் உள்ள எந்த இல்லத்திலும் இன்றோ நாளையோ எழக்கூடிய கேள்வி அது.

கடலோர ஊரொன்றிலிருந்து எழுதும் அச்சகோதரியின் வீட்டு மாடியறையில் பழைய மேசைக் கணிப்பொறி ஒன்று இருக்கிறது. அவருடைய காக்கா வாங்கி வைத்தது. மறைந்த வாப்பா விட்டுச்சென்ற கிரயப் பத்திரங்கள், வில்லங்கச் சான்றுகள், தீர்வை ரசீதுகள் யாவற்றையும் காக்கா சென்ற விடுமுறையில் ஸ்கேன் செய்து அதில் சேர்த்துவிட்டுத் துபாய்க்குத் திரும்பிவிட்டார். வாப்பா ஒரு பெருநாளன்று பேரப்பிள்ளைகளிடம் பேசியதைப் பதிவு செய்த ஒலிநாடாவின் பிரதியும் அதிலேயே உள்ளது. உம்மா நோயுற்றுக் கீழறையில் படுத்திருக்கிறார். மகள் அருகிலிருந்து பணிவிடை செய்கிறார். பாகப்பிரிவினைக்காகப் பத்திரங்களை வரிசைப்படுத்தித் தருமாறு வக்கீல் கேட்கிறார். வாப்பாவின் குரலைக் கேட்க வேண்டுமென்று உம்மா கேட்கிறார். இரண்டும் மாடியில் இருக்கின்றன. பென் டிரைவில் ஏற்றி இறக்கிப் பார்த்ததில், ஒரே பத்திரப் பட்டியலுக்கு மூன்று பிரதிகள் உண்டாகி, எது கடைசியாகத் திருத்தியது என்று தெரியாமல் போனதுதான் மிச்சம்.

ஆகவே, கீழறையில் உள்ள தமது புதிய மடிக்கணிப்பொறியிலிருந்தே மாடிக் கணிப்பொறியின் கோப்புகளைத் திறக்க முயன்றிருக்கிறார். வீட்டு வைஃபை வழியாக இரண்டும் இணைந்துதான் இருக்கின்றன. ஆனால் கோப்புறை திறக்கவில்லை. காக்காவைத் தொலைபேசியில் அழைத்தபோது, "எவ்ரிஒன் என்று போட்டு ஃபுல் கன்ட்ரோல் கொடுத்துவிடு, பாஸ்வேர்டு கேட்காதபடியும் செய்துவிடு" என்றாராம். அவ்வாறே செய்தும் பயனில்லை. பெயர் அறியாத விருந்தினராக நுழைவதை உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்ற பொருளில் ஆங்கில அறிவிப்பு ஒன்று திரையில் வருகிறது. "எங்கள் வீட்டில் ஏது நிறுவனம்? யார் வகுத்த கொள்கை?" என்று சகோதரி கேட்கிறார்.

நியாயமான கேள்வி. அந்த அறிவிப்பை எழுதியவர் அலுவலகங்களை மட்டுமே மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார். வீட்டைப் பொறுத்தவரை நிறுவனம் என்று எதுவும் இல்லை. கொள்கையை வகுத்தது மைக்ரோசாஃப்ட் நிறுவனம்தான். அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. சகோதரியைத் தடுத்தது மாடிக் கணிப்பொறி அன்று. காக்கா சொன்னபடி செய்தவுடன் அது கதவைத் திறந்தேதான் வைத்தது. ஊர் பேர் சொல்லாத விருந்தினராக உள்ளே போக மாட்டேன் என்று மறுத்தது, அவர் மடிமீதிருந்த புதிய கணிப்பொறி!

காக்கா சொன்ன வழி ஒரு காலத்தில் பலித்த வழிதான். 1995-இல் வந்த விண்டோஸ் 95-இல், பகிர்ந்த கோப்புறைக்கு ஒரு கடவுச்சொல் இருந்தால் போதும்; வருபவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. 2001-இல் வந்த எக்ஸ்.பி. பதிப்பு வீடுகளுக்கென்று எளிய பகிர்வு முறை ஒன்றை வைத்து, வருவோர் அனைவரையும் விருந்தினர் கணக்கில் உள்ளே விட்டது. 2009-இல் விண்டோஸ் 7 உடன் ஹோம்குரூப் என்ற ஏற்பாடு வந்தது. 2018-இல் அது நீக்கப்பட்டது. இடையில் 2017 மே மாதம் வான்னாக்ரை என்னும் நச்சு நிரல், கோப்புப் பகிர்வுக்குப் பயன்படும் எஸ்.எம்.பி. நெறியின் முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகக் கணிப்பொறி விட்டுக் கணிப்பொறி தாவி, பிரிட்டனின் மருத்துவமனைகள் வரை முடக்கியது. அவ்வோட்டைக்கான திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்களே சிக்கினர். அவ்வாண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அந்தப் பழைய நெறியே இயல்பாக நிறுவப்படுவதில்லை. 2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ வகைக் கணிப்பொறிகள் விருந்தினர் நுழைவையும் இயல்பாக மறுத்துவிடுகின்றன. சகோதரியிடம் இருப்பது அந்த ப்ரோ வகைதான்.

அம்மறுப்பை நீக்குவதற்கும் வழி உண்டு. அதை விளக்கும் குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விருந்தினர் இணைப்பில் செய்திகளுக்குக் கையொப்பம் இடப்படுவதில்லை. மாடிக் கணிப்பொறியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறொரு கருவி நடுவில் நின்று மாற்றுக் கோப்பைக் கொடுத்தாலும், மடிக்கணிப்பொறியால் அதைக் கண்டுகொள்ள இயலாது. பத்திரங்கள் இருக்கும் இடத்தில் இத்தகைய தாராளம் வேண்டாம். பழைய எஸ்.எம்.பி. முதற்பதிப்பை மீண்டும் நிறுவச் சொல்லும் குறிப்புகளையும் அவ்வாறே ஒதுக்கிவிடுங்கள்.

சரியான வழி என்ன? கோப்பைத் தேடி வரும் கணிப்பொறியிடம், கோப்பை வைத்திருக்கும் கணிப்பொறி மூன்று கட்டங்களில் விசாரணை நடத்துகிறது. எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று அறிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலாவது, வீடு கண்ணில் படுகிறதா என்பது. வலைப்பின்னலில் அப்படியொரு பாதையே இல்லை என்று அறிவிப்பு வந்தால் அனுமதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாடிக் கணிப்பொறி உறங்கிக்கொண்டிருக்கலாம். மடிக்கணிப்பொறி ரூட்டரின் விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கலாம். அல்லது வீட்டு வலைப்பின்னலைப் பொது இடத்தது என்று பொருள்படும் பப்ளிக் வகையாக விண்டோஸ் கருதிக்கொண்டிருக்கலாம். இரண்டு கணிப்பொறிகளிலும் அதைப் பிரைவேட் என்று மாற்றுவதும், கோப்புப் பகிர்வு இயங்குகிறதா என்று பார்ப்பதும் போதும்.

இரண்டாவது, வருவது யார் என்பது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, கொடுத்தபின் மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் இக்கட்டத்தில் நிற்கிறோம். மூன்றாவது, வந்தவர் என்ன செய்யலாம் என்பது. கோப்புறையின் பெயர் தெரிகிறது, ஆனால் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்கிறது. அல்லது படிக்க விடுகிறது, சேமிக்க விடவில்லை. இது மூன்றாம் கட்டம்.

பெரும்பாலானோர் இரண்டாம் கட்டத்தில் நின்றுகொண்டு மூன்றாம் கட்டத்துக்குரிய மருந்தைத் தேடுகின்றனர். எவ்ரிஒன் என்ற சொல்லே அம்மயக்கத்துக்குக் காரணம். அது உலகத்தார் அனைவரையும் குறிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். கோப்பை வைத்திருக்கும் கணிப்பொறி யார் என்று அடையாளம் கண்டுகொண்ட அனைவரையும் மட்டுமே அது குறிக்கும். விருந்தினர் கணக்கு திறந்திருந்தால் அவ்வழியாக வருவோரும் அதில் அடங்குவர். வாசலிலேயே அடையாளம் தெரியாமல் நிற்பவருக்கு, உள்ளறையில் எவ்ரிஒன் என்று எழுதி வைத்து என்ன பயன்?

அடையாளம் எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் குழப்பம் உண்டு. சகோதரி தமது மடிக்கணிப்பொறியில் வைத்திருக்கும் பெயரும் கடவுச்சொல்லும் மாடிக் கணிப்பொறிக்குத் தெரியா. கணக்கு, கோப்பு இருக்கும் கணிப்பொறியில் இருந்தாக வேண்டும். அங்கோ காக்காவின் கணக்கு ஒன்று மட்டுமே இருக்கிறது. வீட்டார் அதை நான்கு இலக்கப் பின் எண்ணால் திறந்து பழகிவிட்டனர். பின் எண் அந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்து திறப்பதற்கு மட்டுமே உரியது. வலைப்பின்னல் வழியே அது செல்லாது. கடவுச்சொல்லே வைக்காத கணக்கும் அவ்வாறே. எதிரில் அமர்ந்தால் திறக்கும். அடுத்த அறையிலிருந்து அழைத்தால் திறக்காது. இது பழுதன்று, விண்டோஸ் வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு.

காக்காவின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாமே என்று சிலர் நினைக்கலாம். அவருடைய மின்னஞ்சலும் பிற கணக்குகளும் அதே கடவுச்சொல்லில் இயங்கக்கூடும். அது அவரிடமே இருக்கட்டும். மாடிக் கணிப்பொறியில் சகோதரிக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குவதே முறை. செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுன்ட்ஸ் என்பதனுள், வேறொருவரைச் சேர்க்கும் இடம் இருக்கிறது. அங்கே மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனரைச் சேர்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, எளிய பெயர் ஒன்றும் வலுவான கடவுச்சொல் ஒன்றும் கொடுத்தால் போதும். நிர்வாகி உரிமை தர வேண்டியதில்லை. பின்னர் கன்ட்ரோல் பேனலில் பகிர்வு அமைப்புகளுக்குச் சென்று, காக்காவின் சொற்படி நீக்கிய கடவுச்சொல் பாதுகாப்பை மீண்டும் இயக்கிவிட வேண்டும். இவை யாவும் மாடிக் கணிப்பொறியில் செய்ய வேண்டியவை. மடிக்கணிப்பொறியில் இதே மாற்றத்தைச் செய்துவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போரை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பத்திரங்கள் இப்போது காக்காவின் டாக்குமென்ட்ஸ் பகுதியில் இருக்கின்றன. ஒவ்வொரு பயனரின் அப்பகுதியும் பிறர் பார்வைக்கு மூடியே வைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்துவிட முயல்வதைவிட, டி டிரைவில் 'குடும்பம்' என்று புதிய கோப்புறை ஒன்றை உண்டாக்கி, தேவையானவற்றை அதில் படியெடுத்து வைப்பது மேல். படியெடுத்து என்று சொல்வதைக் கவனியுங்கள். ஒரே டிரைவுக்குள் ஒரு கோப்பை நகர்த்தினால், அது தன் பழைய அனுமதிகளையும் கையோடு கொண்டுசெல்லும். படியெடுத்தாலோ புதிய இடத்தின் அனுமதியை ஏற்றுக்கொள்ளும். கோப்புறையில் உள்ள எல்லாம் திறக்கின்றன, ஒரேயொரு கோப்பு மட்டும் மறுக்கிறது என்று வரும் புகார்களில் பல இதனால் விளைபவை. படியெடுத்தவை நன்றாகத் திறக்கின்றனவா என்று பார்த்தபின், மூலத்தை என்ன செய்வதென்று காக்காவே முடிவு செய்யட்டும்.

இனி மூன்றாம் கட்டம். இங்கே காவல் இரண்டு இடங்களில் இருக்கிறது. பலரும் ஒன்றை மட்டுமே கவனிக்கின்றனர். கோப்புறையின்மீது வலப்பக்கச் சொடுக்கில் வரும் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியில், ஷேரிங் என்றொரு தாளும் செக்யூரிட்டி என்றொரு தாளும் இருக்கும். முதலாவது தெருவாசல், வலைப்பின்னல் வழியே வருவோர் மட்டும் அதைக் கடக்க வேண்டும். இரண்டாவது அறைக்கதவு, வெளியிலிருந்து வந்தாலும், எதிரிலேயே அமர்ந்திருந்தாலும், அதைக் கடந்தாக வேண்டும். இரண்டும் சொல்வதில் எது குறைவோ அதுவே செல்லும். தெருவாசலில் முழு உரிமையும் அறைக்கதவில் படிக்கும் உரிமையும் இருந்தால், படிக்க மட்டுமே இயலும். மாற்றி வைத்தாலும் முடிவு அதுவே.

ஷேரிங் தாளில் உள்ள அட்வான்ஸ்ட் ஷேரிங் வழியே ஒரு கோப்புறையைப் பகிரும்போது, எவ்ரிஒன் என்ற பெயருக்குப் படிக்கும் உரிமையை மட்டும் விண்டோஸ் தானாகவே எழுதி வைக்கிறது. எனவேதான், பார்க்க முடிகிறது, திருத்திச் சேமிக்க முடியவில்லை என்ற முறையீடு இத்தனை பரவலாக இருக்கிறது. மக்கள் செக்யூரிட்டி தாளுக்குப் போய் உரிமைகளை வாரி வழங்குகின்றனர். தடை தெருவாசலில் இருக்கிறது. எதிரில் அமர்ந்து சேமிக்க முடிகிறது, தொலைவிலிருந்து முடியவில்லை என்றால், சந்தேகத்தை முதலில் தெருவாசலின்மீது வையுங்கள்.

சகோதரியின் வீட்டுக்கு இவ்வாறு செய்யலாம். அட்வான்ஸ்ட் ஷேரிங்கில் 'குடும்பம்' கோப்புறையைப் பகிர்ந்து, பர்மிஷன்ஸ் பட்டியலில் எவ்ரிஒன் பெயரை நீக்கிவிட்டு, தமது புதிய கணக்கைச் சேர்த்து, சேஞ்ச் என்னும் மாற்றும் உரிமையைத் தர வேண்டும். வீட்டுப் பிள்ளைகளும் படங்களைப் பார்க்க வேண்டுமானால், அவர்களுக்கென்று வேறொரு கணக்கு தொடங்கி, ரீட் என்னும் படிக்கும் உரிமையோடு நிறுத்திவிடலாம். டி டிரைவில் புதிதாக உண்டாக்கும் கோப்புறைக்கு அறைக்கதவில் பெரும்பாலும் போதிய உரிமை இயல்பாகவே இருக்கும். ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். பிள்ளைகள் மாடிக் கணிப்பொறியின் முன்னேயே அமர்வதாயின் தெருவாசல் காவல் அவர்களைக் கட்டுப்படுத்தாது என்பதை மட்டும் மனத்தில் கொள்க. ஒரு எச்சரிக்கை: அங்கே டினை என்றொரு கட்டமும் இருக்கும். மறுப்பு என்று பொருள். அதைத் தொடாதீர்கள். ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்து, ஒன்றில் அனுமதியும் மற்றொன்றில் மறுப்பும் இருந்தால், பொதுவாக மறுப்பே வெல்லும். பிள்ளைகளைத் தடுக்க எண்ணி யூசர்ஸ் குழுவுக்கு மறுப்பு எழுதி, தாமும் வெளியே நிற்கும் பெற்றோர் உண்டு. வேண்டாதவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலே அவருக்கு அனுமதி இல்லை.

இப்போது மடிக்கணிப்பொறிக்கு வருவோம். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் கட்டத்தில், இரண்டு பின்சாய்கோடுகள், மாடிக் கணிப்பொறியின் பெயர், மீண்டும் ஒரு பின்சாய்கோடு, கோப்புறையின் பெயர் என்று இட வேண்டும். பெயர் கேட்கும்போது வெறும் பயனர் பெயரை இடாமல், மாடிக் கணிப்பொறியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, அங்கே உண்டாக்கிய பயனர் பெயர் என்று முழுமையாக இடுவது நல்லது. எந்தக் கணிப்பொறியின் கணக்கு என்ற ஐயம் அதனால் நீங்கும். அதன்பின்னும் மறுத்தால், முன்பு தவறாக இட்ட கடவுச்சொல்லை மடிக்கணிப்பொறி நினைவில் வைத்துக்கொண்டு அதையே நீட்டிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜர் என்ற இடத்தில் அப்பழைய பதிவை அழித்து, கணிப்பொறியை ஒருமுறை மீளத் தொடக்குங்கள். ஒரே நேரத்தில் ஒரே கணிப்பொறியிடம் இரண்டு வேறு பெயர்களில் செல்ல விண்டோஸ் ஒப்பாது; மீளத் தொடக்குவது அதற்காகவே.

இவ்வளவு எதற்கு, நம் வீட்டுக்குள் யாரிடம் என்ன மறைப்பு என்று காக்கா கேட்கலாம். அவருக்கும் ஒரு சொல். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் நச்சு நிரல் ஒரு கணிப்பொறியில் புகுந்தால், அக்கணிப்பொறிக்கு எழுதும் உரிமை உள்ள பகிர்ந்த கோப்புறைகளையும் தேடிச் சென்று பூட்டும். பிள்ளை ஏதோ ஒரு விளையாட்டை இறக்கப்போய், மாடியிலுள்ள பத்திரப் பிரதிகளும் ஒலிப்பதிவும் போய்விடக்கூடும். படிக்கும் உரிமை மட்டும் பெற்ற கணக்கின் வழியாக வரும் நிரலால் அவற்றை அழிக்க இயலாது. மூலப் பத்திரம் பெட்டியில் இருக்கிறது, பதிவு அலுவலகத்தில் நகலும் கிடைக்கும். வாப்பாவின் குரலுக்கு அப்படியொரு அலுவலகம் இல்லை. ஆதலால் தனி ஹார்டு டிஸ்க் ஒன்றில் படியெடுத்து, இணைப்பைக் கழற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள். மாடிக் கணிப்பொறி விண்டோஸ் 10-இல் இயங்குகிறது என்று மடலிலிருந்து தெரிகிறது. அப்பதிப்புக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. புதிய பதிப்புக்கு மாறும்வரை அதை இணையத்தில் உலவப் பயன்படுத்தாமல், கோப்புப் பெட்டியாக மட்டும் வைத்திருப்பது நல்லது.

மாடிக் கணிப்பொறியே ஒருநாள் ஓய்ந்துபோய், அதன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புதியதில் மாட்ட நேர்ந்தால் என்ன ஆகும் என்று சகோதரி பின்குறிப்பில் கேட்டிருக்கிறார். அப்போதும் அனுமதி இல்லை என்ற அறிவிப்பு வரும். விண்டோஸ் நம்மைப் பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நீண்ட எண்ணை வைத்துக்கொண்டு அதனாலேயே அறிகிறது. புதிய கணிப்பொறியில் அதே பெயரும் அதே கடவுச்சொல்லும் வைத்தாலும் எண் வேறாகிவிடும். செக்யூரிட்டி தாளில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண் வரிசை தெரிந்தால், அது பழைய கணிப்பொறியின் பயனர் என்று கொள்க. நிர்வாகி உரிமையுடன் நுழைந்து, அட்வான்ஸ்ட் பகுதியில் ஓனர் என்பதைத் தம் கணக்குக்கு மாற்றி, உள்ளிருக்கும் அனைத்துக்கும் அதைப் பொருத்தி, பின்னர் தமக்கு உரிமை எழுதிக்கொள்ளலாம். குறிப்பிட்ட கோப்புறைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். இயங்கும் விண்டோஸ் உள்ள டிரைவ் முழுவதற்கும் செய்தால், கணிப்பொறியே எழாமல் போகலாம்.

டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் மட்டும் இவ்வழி பயன்படாது. 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் இன்றி அது திறவாது. பல புதிய கணிப்பொறிகள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் தாமாகவே இவ்வாறு பூட்டிக்கொண்டு, எண்ணை அக்கணக்கில் சேமித்து வைக்கின்றன. சகோதரியின் மடிக்கணிப்பொறியும் அவ்வகையாக இருக்கலாம். கணக்கைத் திறந்து எண்ணைப் பார்த்து, தாளில் எழுதி, பத்திரங்கள் உள்ள பெட்டியிலேயே வைத்துவிடச் சொல்கிறேன்.